பதினோரு நோட்டு, ஒரு சீட்டு

எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் பலகையில் ‘24 மணி நேரமும்’ என்று எழுதியிருந்தது. ஆனி மாதம் ஒரு புதன்கிழமை காலை பார்த்தபோது அந்த இடத்தில் வெள்ளை அடித்து, மேலே நீல எழுத்தில் ‘காலை 9 முதல் மாலை 4 வரை’ என்று மாற்றியிருந்தார்கள். வெள்ளையை ஒரு கைதான் அடித்திருந்தார்கள். வெயில் ஏறினால் பழைய 24 உள்ளேயிருந்து தெரிந்தது. மூன்று நர்சுகளில் இரண்டு பேரை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள், இருக்கிற ஒருவர் நாலு மணிக்குப் பூட்டிக்கொண்டு போய்விடுவார் என்று டீக்கடையில் சொன்னார்கள். சொன்னவர்கள் உடனே வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள்.

என் மனைவிக்கு அறுபத்தேழு வயது, மூச்சிரைப்பு. மகள் வாங்கித் தந்த நெபுலைசர் வீட்டில் இருக்கிறது. மருந்தைப் புகையாக்கி மூக்கில் செலுத்தும் சின்ன மிஷின். இழுப்பு அதிகமானால் அது போதாது. ஊசி போட வேண்டும், ஆக்சிஜன் வைக்க வேண்டும். அதற்குச் சுகாதார நிலையம்தான், எங்கள் வீட்டிலிருந்து என் நடையில் நானூற்றுப் பன்னிரண்டு எட்டு, அவள் நடையில் ஐந்நூற்று அறுபது. நாலு வருடத்தில் அவளை அங்கே இருபத்தாறு முறை அழைத்துப்போயிருக்கிறேன். அதில் பத்தொன்பது முறை மாலை நாலு மணிக்கு மேல். அவளுடைய இழுப்பு பொழுது சாயத்தான் வரும். பகலில் நன்றாக இருப்பாள்.

அடுத்த ஆஸ்பத்திரி சிதம்பரம். கொள்ளிடக் கரையை ஒட்டிய எங்கள் ஊரிலிருந்து பதினேழு கிலோமீட்டர்.

நான் மின்வாரியத்தில் வீடு வீடாக மீட்டர் பார்த்து யூனிட் எழுதியவன், முப்பத்திரண்டு வருடம். ஊரில் ஏழு தெரு, முந்நூற்றுப் பதினெட்டு வீடு. எந்த வீட்டில் மீட்டர் சமையலறைக்குப் பின்னால் இருக்கிறது, எந்த வீட்டில் நாய் கடிக்கும் என்பது இன்னமும் நினைவிருக்கிறது. ஆகவே நர்சுகளைத் திரும்பக் கேட்டு மனு எழுதிக் கையெழுத்து வாங்கும் வேலை என் தலையில் விழுந்ததில் வியப்பில்லை. விழுந்தது என்றா சொன்னேன்? நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். பன்னிரண்டு நாள் அலைந்தேன். அறுநூற்றுப் பதினொரு கையெழுத்து, எழுபத்து நாலு கைநாட்டு.

“மீட்டரு பாக்கப் போற மாதிரியே போறீங்க” என்றாள் மனைவி. “குறிச்சிட்டு திரும்பிப் பாக்காம வந்துடாதீங்க. கையெழுத்து போட்டவங்க ஒரு வாய் தண்ணி குடுத்தா குடிச்சிட்டு வாங்க.”

ஒரு நாள் காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை நிலையத்தின் வாசலில் உட்கார்ந்தோம். ஐம்பத்து மூன்று பேர். வாசலை மறிக்கவில்லை. உள்ளே போகிறவர்களுக்கு எழுந்து வழிவிட்டோம். லால்பேட்டையிலிருந்து வந்து எங்கள் ஊரில் மளிகைக்கடை வைத்திருக்கும் பாய், இரண்டு கேன் டீ அனுப்பினார். இரண்டு நாளிதழ்களில் செய்தி வந்தது, ஒன்றில் ஊர்ப் பெயர் தப்பு.

பிறகு ஒரு திங்கட்கிழமை, குறைதீர்ப்பு நாளில், கடலூர் கலெக்டர் ஆபீசுக்குப் புறப்பட்டோம். பதினாலு பேர். சிதம்பரத்தில் பஸ் மாறினோம். மனைவியையும் அழைத்துக்கொண்டு போகலாம் என்றது என் மச்சான், அவளுடைய தம்பி. மூன்று ஏக்கர் சம்பா வைக்கிறவன், வாய் அதிகம்.

“நோயாளியக் கண்ணால பாத்தாதான் மாமா மனசு இளகும். காயிதத்துல என்னா இருக்குது?”

அவளும் வந்தாள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, புதுச்சத்திரத்தில் வேர்க்கடலை வாங்கித் தின்று, எதிர் சீட்டுப் பெண்ணிடம் மருமகள் கதை கேட்டு, கடலூர் வந்து இறங்கும்போது முகத்தில் ஒரு களை. முப்பது வருடத்தில் அவளை இவ்வளவு தெம்பாகப் பார்த்ததில்லை. மச்சான் தலையில் கைவைத்துக்கொண்டான்.

“இன்னைக்கின்னு பாத்து ஏன்க்கா இப்படி இருக்க? கொஞ்சம் இரும்பிக் காட்டேன்.”

“போடா. வராததக் கூப்புட்டா வந்துடும்.”

கேட்டில் எல்லாப் பைகளையும் திறந்து பார்த்தார்கள். தண்ணீர் பாட்டில்களைத் திறந்து மண்ணெண்ணெயா என்று முகர்ந்தார்கள். ஒரு பெண் போலீஸ், மனைவியின் இன்ஹேலரைப் பையிலிருந்து எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதாம்மா? எங்கம்மாவும் இதான் இழுக்கறாங்க” என்று பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தாள். ஐந்து பேர் மட்டும் உள்ளே போகலாம் என்றார்கள். உள்ளே ஒரு நிமிடம் நாற்பது விநாடி. அதிகாரி மனுவை முதல் பக்கம் முழுவதும் படித்தார், அதைச் சொல்ல வேண்டும். நான் பார்த்த வரையில் எல்லா மனுவையும் அப்படித்தான் படித்தார். ஒரு எண் போட்டு ரசீது கொடுத்தார்கள். மனைவியை அவர் நிமிர்ந்து பார்த்தபோது அவள் கும்பிட்டுச் சிரித்தாள்.

இருபத்து மூன்றாம் நாள் பதில் வந்தது. பதில் வராது என்று பந்தயம் கட்டியிருந்தான் மச்சான். ஒரு பக்கக் கடிதம். எங்கள் நிலையத்தின் பதிவேட்டின்படி நோயாளிகள் வருகை மிகக் குறைவாக இருப்பதால், கூட்டம் அதிகமுள்ள நிலையங்களுக்குச் செவிலியர்கள் அனுப்பப்பட்டுள்ளனர். புரட்டாசி தொடங்கி மூன்று மாத வருகையைப் பார்த்து மறுபரிசீலனை செய்யப்படும் என்று இருந்தது. கோபமாக ஒரு சொல் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம்.

வருகை குறைவா? எங்கள் ஊரில் நாற்பது வயதுக்கு மேல் சர்க்கரையோ பிரஷரோ இல்லாத ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே நிலையத்துக்குப் போனேன். அங்கே மிஞ்சியிருந்த நர்ஸ் பெண்ணாடத்துக்காரி, சிதம்பரத்தில் அறை எடுத்துத் தங்கி வேலைக்கு வருகிறவள். நல்ல பெண். கடிதத்தைப் படித்தாள். பதிவேட்டை எடுத்து, முந்தைய மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றைத் திறந்து என் பக்கம் திருப்பினாள். சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொடுப்பது செவ்வாய்க்கிழமைகளில்.

“உங்க தெருவுலேர்ந்து அன்னைக்கி எத்தன பேரு, பாருங்க சார்.”

பார்த்தேன். ஒரே ஒரு பெயர். என் பெயர்.

எனக்குப் புரிந்துவிட்டது. நின்றுகொண்டிருந்தவன் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

கொரோனா வந்த வருடம் யாரும் கூட்டமாக நிற்கக்கூடாது என்றார்கள். வயதானவர்கள் வெளியே வரவே கூடாது என்றார்கள். அப்போது ஊருக்கு ஒரு ஏற்பாடு செய்தவன் நான். மாத்திரை சாப்பிடும் ஒவ்வொருவரிடமும் ஒரு நோட்டு உண்டு. என்ன மாத்திரை, எத்தனை என்று அதில் எழுதியிருக்கும். தெருவுக்கு ஒரு ஆள் எல்லா நோட்டையும் வாங்கிக்கொண்டு போய், எல்லாருக்கும் மாத்திரை வாங்கி வந்து வீட்டில் கொடுத்துவிட வேண்டும். ஏழு தெருவுக்கு ஏழு பேர். எங்கள் தெருவுக்கு நான், பதினோரு நோட்டு. ஊர் முழுக்க எண்பத்து மூன்று. யாரும் வெயிலில் நிற்க வேண்டியதில்லை. கொரோனா போன பிறகும் ஏற்பாடு போகவில்லை. அவ்வளவு வசதியாக இருந்தது. நர்சுகளுக்கும் வசதி, மாத்திரை கொடுப்பவருக்கும் வசதி. நான் பதினோரு நோட்டை நீட்டுவேன், பதினோரு பொட்டலம் வரும். வருகைப் பதிவேட்டில் ஏறும் ஓ.பி. சீட்டு மட்டும் வரிசையில் நிற்கிற ஆளுக்கு ஒன்று. எனக்கு ஒன்று.

“மாத்திரக் கணக்கு சரியாத்தான் சார் இருக்கும். அது தனி ரிஜிஸ்டர்” என்றாள் நர்ஸ். “ஆள் கணக்குதான் இல்ல. கூட்டம் கொறஞ்சிடுச்சின்னு நாங்களும் சந்தோஷமா இருந்துட்டோம். இப்படி ஆவும்னு யாருக்குத் தெரியும்?”

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். முள் நகராத மீட்டரைப் பார்த்தால் ‘உபயோகம் இல்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறவனாகவே நான் சம்பளம் வாங்கினேன். உள்ளே ஒரு கிழவி விளக்கேற்றாமல் இருட்டில் உட்கார்ந்திருக்கிறாளா என்று எட்டிப் பார்த்ததில்லை. என் வேலை அதுவல்ல. முள்ளைப் பார்ப்பதுதான். கடலூரில் உட்கார்ந்திருப்பவரும் முள்ளைத்தான் பார்த்தார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மனைவியிடம் சொன்னபோது அவள் உளுந்து களைந்துகொண்டிருந்தாள். தண்ணீரை வடித்துவிட்டு, “நல்லதுக்குத்தான செஞ்சீங்க” என்றாள். அதைவிட அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

அடுத்த நாளே மறுபடியும் ஏழு தெரு. இந்த முறை, நான் செய்த ஏற்பாட்டை நானே கலைக்க வேண்டும். அவரவர் நோட்டை அவரவர் எடுத்துக்கொண்டு வந்து, நின்று, தன் பெயரில் சீட்டு வாங்க வேண்டும். எனக்கு நாக்கு கூசியது.

“நீங்கதான சொன்னீங்க, வரவே கூடாதுன்னு?” என்றாள் மூன்றாவது தெருவில் ஒருத்தி, இரண்டு முழங்காலும் வீங்கினவள். “வந்தா செத்துப்பூடுவேன்னு சொன்னீங்களே. இப்ப வரலன்னா செத்துப்பூடுவனா?”

“நீங்க வந்தாதான் நர்ச திருப்பி அனுப்புவாங்க.”

“அது யாருக்கு சார், எனக்கா உங்க வூட்டுக்காரம்மாவுக்கா?”

அவள் கேட்டதில் விஷமம் இல்லை, விவரம் கேட்டாள். இரண்டு பேருக்கும்தான் என்றேன். நான் சொன்னது உண்மை. ஆனாலும் அடுத்த வீட்டுக்குப் போகும்வரை முகம் சுட்டது.

மச்சான் கூட வந்தான். அவனுக்கு எல்லாமே வேடிக்கை.

“ஏன் மாமா, மீட்டருல காந்தம் வெச்சி மெதுவா ஓட வெப்பானுங்க, நீங்க போய்ப் புடிப்பீங்க. இதுக்கும் ஒரு காந்தம் இருந்தா சொல்லுங்களேன். வேகமா ஓட வெக்கிற மாதிரி.”

“வாய மூடிட்டு வா.”

“வாழ்க்கையில மொத தடவையா மீட்டரு ஜாஸ்தியா ஓடணும்னு ஆசப்படுறீங்க. ஒங்க டிப்பார்ட்மெண்டு கேட்டா பென்ஷன நிறுத்திடும்.”

பொய்யாகப் பெயர் எழுதச் சொல்லி நர்சைக் கேட்கலாம் என்றும் ஒருவர் சொன்னார். அந்தப் பெண்ணின் வேலை போய்விடும். அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை.

புரட்டாசி முதல் செவ்வாய் அறுபத்தொரு பேர் வந்தார்கள். கேட்டுக்கு எதிரே நின்று எண்ணினேன். வரிசை வெளியே சாலை வரைக்கும் வந்தது. முழங்கால் வீங்கியவளும் வந்தாள், பேரனின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டாவது செவ்வாய் ஐம்பத்தெட்டு. மூன்றாவது நாற்பத்து நாலு. அப்புறம் நடவு தொடங்கிவிட்டது. நடவுக்குப் போகிற பெண்ணிடம் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து நில் என்று எந்த வாயால் சொல்வது? நாலாவது செவ்வாய் முப்பது. ஐந்தாவது அன்று மழை, பதினெட்டு பேர். அதில் நாலு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள், அவர்களையும் கெஞ்சிச் சீட்டு வாங்க வைத்தேன்.

ஆறாவது வாரம் வியாழக்கிழமை, மாலை நாலு ஐம்பதுக்கு மனைவிக்கு இழுப்பு வந்தது.

வீட்டு மிஷினை வைத்தேன். பத்து நிமிடம். குறையவில்லை. தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கியது. கழுத்தடியில் குழி விழுந்தது. நிமிடத்துக்கு முப்பத்தெட்டு மூச்சு. அப்போது நான் செய்ததை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. வண்டிக்குச் சொல்லாமல் சுகாதார நிலையத்துக்கு ஓடினேன். பூட்டியிருக்கும் என்று தெரியும். பலகையில் எழுதியிருக்கிறது, அந்தப் பலகைக்காகத்தான் கடலூர் வரைக்கும் போய் வந்தேன். ஆனாலும் ஓடினேன். நர்ஸ் நாலு இருபது பஸ்ஸை விட்டிருக்கலாம், இல்லை, எதையாவது மறந்துவிட்டுத் திரும்பி வந்திருக்கலாம். பூட்டியிருந்தது. ஜன்னல் கண்ணாடி வழியாக, கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர் தெரிந்தது. கண்ணாடியைத் தட்டினேன். எதற்குத் தட்டினேன் என்று தெரியவில்லை. உள்ளே யார் இருக்கிறார்கள்? போக வர பதினோரு நிமிடம் போய்விட்டது.

108க்குப் போன் செய்தோம். வண்டி தூரத்திலிருந்து வர வேண்டும், அரை மணி ஆகும் என்றார்கள். பாய் தன் சரக்கு வேனை எடுத்தார். முன் சீட்டில் அவளை நடுவில் வைத்து நான் பிடித்துக்கொண்டேன். பின்னால் அரிசி மூட்டைகளின் மேல் மச்சான். பதினேழு கிலோமீட்டரில் முப்பத்தொரு வேகத்தடை. ஒவ்வொன்றிலும் பாய் நிறுத்தி, ஊர்ந்து, ஏறி இறங்கினார். “யா அல்லா, யா அல்லா” என்பதைத் தவிர அவர் ஒன்றும் பேசவில்லை. அவள் மூச்சுக்குச் சேர்ந்தாற்போல் நான் ஒன்று, இரண்டு என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அது அவளுக்குத் துணையாக இருக்கும் என்று நினைத்தேன். பாதி வழியில் என் வாயின் மேல் தன் கையை வைத்தாள். நிறுத்தினேன். அதன் பிறகு சிதம்பரம் வரும்வரை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். இளம் டாக்டர், என் மகளைவிடச் சின்னவர். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்து, “இப்ப பரவால்லங்க அய்யா. இன்னும் பத்து நிமிஷம் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தா இவ்ளோ கஷ்டம் இருந்திருக்காது” என்றார். அவர் சாதாரணமாகச் சொன்னதுதான். எனக்குப் பதினோரு நிமிடம் நினைவுக்கு வந்தது.

நாலு நாள் வைத்திருந்தார்கள். ஐந்தாம் நாள் மகள் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டாள். சிதம்பரத்தில் கீழ வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வாடகை வீடு, மாடி. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஆறு நிமிடம்.

“இனிமே ஊருக்கு வேணாம்பா” என்றாள் மகள். “நர்சு வந்தப்புறம் பாத்துக்கலாம்.”

“கொஞ்ச நாளைக்குத்தான” என்றாள் மனைவி, என்னைப் பார்த்து. “மூணு மாசம் பாத்துட்டு அனுப்புறேன்னுதான எழுதியிருக்காங்க?”

ஆமாம் என்றேன்.

நான் இரண்டு ஊருக்கும் அலைந்தேன். மாடு இல்லை, வயல் இல்லை. வீடு ஒன்றுதான், இருந்தாலும் பூட்டிப்போட மனமில்லை. செவ்வாய்க்கிழமைகளில் ஊரில் இருந்து, என் நோட்டை எடுத்துக்கொண்டு போய், சீட்டு வாங்கினேன். இருபத்தாறு, இருபத்தொன்று, இருபத்து நாலு.

கார்த்திகையில் அவளுடைய இன்ஹேலர் தீரும் நிலைக்கு வந்தது. பின்பக்கத்தில் மீதி எத்தனை இழுப்பு என்று காட்டும் எண் இருக்கிறது: பன்னிரண்டு. ஒரு நாளைக்கு நாலு. சிதம்பரத்தில் கேட்டபோது, அவள் பெயர் எங்கள் ஊர் நிலையத்தில் பதிவாகியிருக்கிறது, அங்கே எடுத்துவிட்டு வந்தால் இங்கே சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள். மருந்து மாதாமாதம் கிடைக்க வேண்டுமென்றால் அதுதான் வழி. செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் போனேன்.

நர்ஸ் என்னைக் கண்டதும் எழுந்தாள். விஷயத்தைச் சொன்னேன். படிவத்தை எடுத்தவள் எழுதாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“மூணு மாசம் முடிய இன்னும் ஒம்போது நாளுதான் சார் இருக்கு. அதுவரைக்கும் அம்மா பேரு இருக்கட்டுமா? இப்ப ஒரு பேரு கொறஞ்சாலும்…”

“மருந்து மூணு நாளைக்குத்தாம்மா இருக்குது.”

அவள் எழுதினாள். பெயர், வயது, நோட்டு எண். பிறகு படிவத்தை என் பக்கம் திருப்பி, கீழே இரண்டு கட்டங்களைக் காட்டினாள். தற்காலிகம், நிரந்தரம்.

“தற்காலிகம்னு போட்டா அங்க ஒரு மாசத்துக்குத்தான் குடுப்பாங்க சார். அப்புறம் திரும்பவும் நீங்க இங்க வரணும். நிரந்தரம்னு போட்டுட்டா தொல்ல இல்ல.”

“மூணு மாசக் கணக்கு எப்படிம்மா வரும்?”

“நீங்கதான் சார் எல்லாத்தையும் எண்ணிக்கிட்டு நிக்கிறீங்க” என்றாள். குத்திக்காட்டவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

அன்றைக்கு வந்திருந்தது பத்தொன்பது பேர். எனக்குப் பின்னால் நின்ற ஆள், “சார், கொஞ்சம் சீக்கிரம் ஆவட்டும், பஸ்சு போயிடும்” என்றார். நிரந்தரம் என்ற கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். அவள் பதிவேட்டில் என் மனைவியின் பெயர் மேல் அளவுகோல் வைத்துச் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டாள். கோடு நேராக வந்தது.

சிதம்பரம் வந்து சேர மணி மூன்று. படியேறிப் போனேன். அவள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

“என்னா சொன்னாங்க?”

“இனிமே இங்கயே மருந்து கெடைக்கும்.”

“அது சரி. இன்னைக்கி எத்தன பேரு வந்திருந்தாங்க?”

“கூட்டந்தான்” என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. “அப்ப பொங்கலுக்கு நம்ம வூட்டுக்குப் போயிடலாம்” என்றாள். நான் குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.